மான்ஷியூ அக்கா பாஸ் பண்ண வைத்த நாக்கு

எங்கள் தெருவில் மான்ஷியூ அக்காவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. வாதாடாமல் தப்பித்தவர்கள் உண்டு, அதில் நான் ஒருவன். எங்கள் ஷியாங்தான் ஊர் பஸ் டெப்போவுக்கு எதிரே அவளுடைய அரிசி நூடுல்ஸ் கடை. அதை ஒட்டி என்னுடைய பூட்டு சாவிக் கடை. நடுவில் ஒரு சுவர், அதுவும் பேருக்கு. காலையில் அவள் எலும்புச் சாறு கொதிக்க வைத்தால் என் பூட்டுகளுக்கெல்லாம் மிளகாய் வாசனை ஏறிவிடும். என்னிடம் சாவி செய்துகொண்டு போன ஒருவர், வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பசிக்கிறது என்று வந்து குறைப்பட்டிருக்கிறார்.

அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம்தான். ஆனால் பரீட்சையைப் பற்றி அவளுக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை இருந்தது. பரீட்சை எதுவானாலும் வைப்பவனுக்கு ஒரு விடை பிடிக்கும். அது என்னவென்று கண்டுபிடித்து உருப்போட்டுவிட்டால் எந்த மண்டுவும் தேறலாம். இந்தக் கொள்கையை வைத்துத்தான் கணக்கென்றால் காய்ச்சல் வந்த மகனைக் கல்லூரிக்குள் தள்ளினாள். தம்பிக்கு ஓட்டுநர் உரிமம் வாங்கிக் கொடுத்தாள். கடைக்குச் சுகாதாரச் சோதனைக்கு வந்த அதிகாரி கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லி முடித்து, அவரைத் திணறடித்து அனுப்பினாள். தெருவில் எவர் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அக்காவிடம் ஒரு நடை வந்து போவார்கள்.

அவள் வீட்டுக்காரர் லியாங்சாய் அண்ணன் டவுன் பஸ் டிரைவர். அக்கா பேசுவதில் கால்வாசிகூடப் பேச மாட்டார். பேச வாயில் இடம் இருக்காது, எந்நேரமும் பாக்கு. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை என்றால் கன்னத்தில் ஒரு பாக்கு அடங்கியிருக்க வேண்டும். அதோடு புகைபோட்ட பன்றிக்கறி, மிளகாய், மதியம் பஸ்ஸை நிறுத்தாமல் அடக்கிவைக்கிற வயிறு. போன வருஷம் ஒருநாள் வெளிக்குப் போன இடத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, முகம் சுண்ணாம்பாகி வெளியே வந்தார்.

ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் மூன்று பாலிப். பாலிப் என்றால் குடலின் உட்சுவரில் மொட்டுவிடுகிற சதை. பெரும்பாலும் சும்மா இருக்கும், விட்டுவிட்டால் சில சமயம் புற்றாக மாறும். மூன்றையும் அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். நிம்மதியாக எழுந்து உட்கார்ந்தவரிடம் டாக்டர் ஒவ்யாங் சொன்னார்: "வெட்டிட்டோம். ஆனா இது வெங்காயத் தாள் மாதிரி. சிலருக்கு வெட்ட வெட்ட முளைக்கும், சிலருக்கு முளைக்காது. யாருக்கு முளைக்கும்னு முன்கூட்டியே கணிக்க முடியுமான்னுதான் இங்க ஒரு ஆய்வு நடத்துறோம். நீங்களும் சேருங்க."

ஒவ்யாங் அம்மா ஐம்பதைத் தாண்டியவர். பரம்பரையாக நாடி பார்க்கிற குடும்பம், படித்ததோ ஆங்கில மருத்துவமும் சேர்த்து. அந்த ஆஸ்பத்திரியில் மாடியில் மூலிகை வைத்தியம், கீழே குழாய் வைத்தியம். அந்த அம்மா நாள் முழுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். பாலிப் எத்தனை, எவ்வளவு பெரிசு, எந்த வகை, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் கீழேயிருந்து வரும். நாக்கின் நிறம், அதன்மேல் படிந்த படிவு, நாடி, உடம்பு வாகு பற்றிய கேள்விகள் எல்லாம் மாடியில் சேரும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கலக்கினால், பாலிப் திரும்ப வருகிற வாய்ப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று சொல்லும். குழாய் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து வந்து நாக்கைக் காட்ட வேண்டும்.

பாலிப் வெட்டிக்கொண்டவர்களில் டெப்போவிலிருந்து முதலில் போய்க் காட்டியவர் தாங் என்ற டிரைவர். அவருக்கு 'அதிகம்' என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார். மச்சினன் வேறு, "எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினவரு இதுலயாவது நெறைய வாங்கியிருக்காரே" என்று சொல்லிக் காட்டினானாம். செய்தி தெரு முழுக்கப் பரவியது. எங்கள் ஆட்களுக்கு நோய் வந்தால்கூடத் தாங்கிக்கொள்வார்கள், மதிப்பெண் மட்டும் மட்டமாக வரக் கூடாது.

"பரீட்சைதானே!" என்றாள் மான்ஷியூ அக்கா. "எங்கிட்ட விடுங்க."

காலை வியாபாரம் ஓய்ந்ததும் கடை பெஞ்சுகள் வகுப்பாக மாறின. அண்ணனோடு, அவரைப்போலவே பாலிப் வெட்டிக்கொண்டு அந்த ஆய்வில் பேர் கொடுத்த துணிக்கடை வெய் அத்தை, இன்னும் டெப்போவிலிருந்து ஐந்தாறு பேர். தாங்கிடம் துருவித் துருவிக் கேட்டுக் கேள்விகளையெல்லாம் அக்கா மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். சூப் கரண்டியைப் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டு அவள் நடத்திய பாடத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டே நான் ஒரு பீரோ சாவியைக் கெடுத்தேன்.

"கை கால் சில்லுன்னு இருக்கா?"

"குளிர்காலத்துல இருக்கும்டி" என்றாள் வெய் அத்தை.

"இல்லைன்னு சொல்லு."

"இருக்கே!"

"அத்தை, உங்கிட்ட உண்மையையா கேட்டாங்க? கேள்விதானே கேட்டாங்க. இந்தக் கேள்விக்கு விடை 'இல்லை'. அடுத்தது. வாய் கசக்குதா?"

"இல்லை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வெளிக்குப் போனா தண்ணி ஊத்துனதும் போயிடுதா, ஒட்டிக்கிட்டு நிக்குதா?"

"போயிடுது!"

"யோவ் கெழவா, நீ மட்டும் ஏன் வாயைத் தொறக்கல?"

"பாக்கு" என்றார் லியாங்சாய் அண்ணன்.

பாக்குக்கும் அவள் வழி வைத்திருந்தாள். நாக்கில் மஞ்சளாகத் தடித்த படிவு இருந்தால் மதிப்பெண் போய்விடும் என்று தாங் கதையிலிருந்து அவள் கண்டுபிடித்திருந்தாள். நாக்கைக் காட்டப் போகிற அன்று காலையில் பீங்கான் கரண்டியின் விளிம்பால் அண்ணனின் நாக்கை அடிவரை சுரண்டினாள். அந்த மனிதர் ஓங்கரித்துக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். விருந்தாளி வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்குவதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்றாள். சட்டியைத் துலக்குகிற அதே மும்முரத்தோடு சுரண்டி, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "குழந்தை நாக்கு!" என்று மெச்சிக்கொண்டாள்.

முடிவு 'குறைவு' என்று வந்தது. அண்ணனுக்கு மட்டுமில்லை, வகுப்பில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும். அக்கா அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் ஒரு முட்டை கூடப் போட்டாள். மூன்று வருஷம் கழித்து வந்து குழாய் விட்டுப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் டெப்போவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். தாங்கைப் பார்த்தால் மட்டும் பெரிய மனதோடு தோளில் தட்டிக் கொடுத்தார். கன்னத்தில் பாக்கு திரும்ப வந்து குடியேறியது.

நான் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். "அக்கா, கரண்டியால சுரண்டினா நாக்குதானே சுத்தமாகும், குடல் எப்படி..." என்று ஆரம்பித்தேன். "உனக்குப் பூட்டுதான் தெரியும், தம்பி" என்றாள். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒவ்யாங் அம்மா அறையில் மூலிகை அலமாரிப் பூட்டு சிக்கிக்கொண்டது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் கிளம்பும்போது அக்காவும் நூடுல்ஸ் தூக்கோடு கூடவே வந்தாள். நர்ஸுகள் கேட்டிருந்தார்களாம். நான் அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டுப் பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்: "உங்களுக்கு 'அதிகம்'னு வந்திருக்குங்க. அதனாலதான் உங்களை முதல்ல கூப்பிடறோம். இந்த மாசமே வந்துடுங்க, உங்களுக்குன்னு இடம் வெச்சிருக்கோம்."

அக்கா தூக்கைக் கீழே வைத்தாள். "இது என்னங்கம்மா நியாயம்? ஃபெயிலானவங்களுக்கு முதல் இடமா?"

ஒவ்யாங் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "ஃபெயிலா? யாரு?"

"அதிகம் வாங்கினவங்க."

"அது மார்க் இல்லம்மா" என்றார் அந்த அம்மா. "யாருக்குத் திரும்ப வரும்னு நாங்க பயப்படறோமோ அவங்களுக்கு 'அதிகம்'. அவங்களை ஒரு வருஷத்துல பார்த்துடுவோம். முளைச்சிருந்தா சின்னதா இருக்கும்போதே கிள்ளிடலாம். 'குறைவு'ன்னா கடைசியா பார்ப்போம். வரிசை போடறதுக்குத்தான் இது எல்லாம்."

அக்கா போனில் இருந்த நர்ஸைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்போ," என்றாள் மெல்ல, "என் வீட்டுக்காரரை நானே இழுத்துக்கிட்டுப் போய் வரிசைல கடைசில உட்கார வெச்சுட்டேனா?"

என்ன செய்தாள் என்பதை அவளே ஒன்றுவிடாமல் சொன்னாள். கரண்டி, மனப்பாடம், வெய் அத்தையின் சில்லிட்ட கை, எல்லாம். ஒவ்யாங் அம்மா திட்டவில்லை. பெருமூச்சு விட்டார். "அவரு நாக்கைப் பார்த்தப்பவே எனக்கு ஒத்துவரல. நாடி ஒண்ணு சொல்லுது, நாக்கு வேற ஒண்ணு சொல்லுது. வெட்டின பாலிப்ல ஒண்ணு நல்லவிதமான வகையும் இல்ல. மறுபடி வந்து காட்டச் சொல்லி ரெண்டு மூணு தடவை போன் பண்ணினோம். 'நான்தான் பாஸாயிட்டேனே'ன்னு வெச்சுட்டாரு."

"அவருக்குப் போன் வந்ததா?" அக்காவின் குரல் ஏறியது. "எங்கிட்ட சொல்லவே இல்லையே அந்தக் கெழவன்!"

"இது கணிப்புதாம்மா, தப்பாவும் போகலாம்" என்றார் டாக்டர். "ஆனா தப்பா சரியான்னு தெரியறதுக்காவது எங்களுக்கு நிஜ நாக்கு வேணும்ல?"

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்ததும் பேசினாள். சுவர் பேருக்குத்தான் என்று முன்னாலேயே சொன்னேன்.

"யோவ், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற."

"எதுக்கு?"

"திரும்ப நாக்கைக் காட்ட."

"பாஸான பரீட்சையை எவனாவது திரும்ப எழுதுவானா?"

"எழுதினது நான்யா! நீ எங்க எழுதின? உன் நாக்கைச் சுரண்டினது நான், உன் வாய்ல விடையைப் போட்டது நான்!"

"அப்ப நீ போய்க் காட்டு" என்றார் அண்ணன். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த வருஷத்திலேயே அதுதான் முதல் தடவை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். டெப்போ முழுக்கப் 'பாஸ்' என்று சொல்லித் திரிந்துவிட்டு, இப்போது தாங்கின் பக்கத்தில் போய் எப்படி நிற்பது? அதுதான் விஷயம். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், மிளகாய் இல்லாமல் சமைத்துப் பார்த்தாள், மகனை விட்டு போனில் பேசச் சொன்னாள். அண்ணன் மசியவில்லை. அக்கா இளைத்துப் போனாள். ஒருநாள் சூப்பில் உப்பே போடாமல் கொடுத்தாள். வாடிக்கையாளர் எவரும் வாயைத் திறக்கவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

பிறகு ஒரு காலையில் என் கடை ஷட்டரைத் தட்டினாள். "தம்பி, கடையைச் சாத்து. என்கூட வா."

"எங்க அக்கா?"

"பஸ்ல போறோம்."

டெப்போவிலிருந்து கிளம்பி, ஆற்றோரமாகப் போய் ரயில் நிலையத்தில் முடிகிற அண்ணனுடைய பஸ். காலைக் கூட்டம். அக்கா ஏறி, நேராக முன்னால் போய், 'ஓட்டுநருடன் பேசக் கூடாது' என்ற பலகைக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் பஸ் கிளம்பிவிட்டது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எங்கே போவார்?

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள் அக்கா, கடையில் ஆர்டர் கூவுகிற குரலில். "இந்த பஸ்ஸை ஓட்டுறவரு என் வீட்டுக்காரரு."

"அம்மா, டிரைவர்கிட்ட பேசக் கூடாது" என்று ஒரு கண்ணாடிக்காரர் பலகையைக் காட்டினார்.

"நான் எங்க அவருகிட்ட பேசறேன்? உங்ககிட்டல்ல பேசறேன்." அப்படியே ஆரம்பித்துவிட்டாள். பாலிப், வெட்டியது, நாக்குப் பரீட்சை, கரண்டி. கரண்டிக் கதை வந்தபோது பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. காய்கறிக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது என்ன ஆச்சு?" என்றாள். டாக்டர் சொன்னதையும், போன் வந்ததையும், அண்ணன் மறைத்ததையும் அக்கா சொன்னாள். சிரிப்பு அடங்கியது.

அறிவிப்பு மைக் கரகரத்தது. "அடுத்த நிறுத்தம் மீன் சந்தை" என்றது அண்ணனின் குரல். "இறங்க வேண்டியவங்க இறங்குங்க. முக்கியமா முன்னாடி நிக்கிற அம்மா."

"நான் டிக்கெட் எடுத்திருக்கேன், கடைசி நிறுத்தத்துக்கு!"

"விடுங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "ஆம்பளைன்னா ஒரு மானம் இருக்காதா? இப்படியா நாலு பேர் முன்னாடி?"

"மானம் குடல்லயா இருக்கு?" என்றாள் காய்கறிக்காரப் பெண்மணி. "எங்க மாமனாரும் இப்படித்தான். 'நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாரு. டிரைவர் அண்ணே, உங்களைத்தான்! போய்க் காட்டிட்டு வாங்க!"

பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மீன் சந்தையில் இறங்க வேண்டியவர்கள் சிலர் இறங்கவில்லை, வழக்கு எப்படி முடிகிறது என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். நான் சாட்சி. அக்கா என்னையும் இழுத்து, "சொல்லு தம்பி, டாக்டர் சொன்னது நிஜமா இல்லையா?" என்றாள். நிஜம் என்றேன். அண்ணன் கண்ணாடியில் என்னை முறைத்த முறைப்பில் அடுத்த நிறுத்தத்திலேயே குதித்துவிடலாமா என்று இருந்தது.

பாலத்தைத் தாண்டியபோது அக்காவின் குரல் உடைந்தது. "வாழ்க்கைல எல்லாப் பரீட்சையிலயும் ஜெயிச்சேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேங்க. இந்த ஒண்ணுல ஜெயிச்சு என் மனுஷனை நானே தோற்கப் பாத்தேன். இவரு போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா? நான் கத்தினா பதில் பேசாம கேட்டுக்க இந்த ஊர்ல வேற ஆளே இல்ல."

பஸ் ரயில் நிலையத்தில் நின்றது. அண்ணன் கைப்பிரேக்கைப் போட்டு, இன்ஜினை நிறுத்தி, கன்னத்திலிருந்த பாக்கை ஒரு காகிதத்தில் துப்பி மடித்தார்.

"ஒரு தடவைதான்" என்றார் முன்னால் பார்த்தபடியே. "அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

காய்கறிக்காரப் பெண்மணி கை தட்டினாள். கண்ணாடிக்காரர்கூட, வேறு வழியில்லாமல், தட்டினார்.

டாக்டர் சொன்னபடி சில நாள் பாக்கு இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது, கறை இறங்குவதற்கு. அந்த நாட்களில் அண்ணனோடு பேசியவர்கள் பாவம் செய்தவர்கள். பல்குச்சியை மென்றார், சூரியகாந்தி விதையை மென்றார், என் கடையில் வந்து உட்கார்ந்து ஒரு பழைய சாவிக்கொத்தின் தோல் வாரைக்கூட மென்றார். அக்கா கரண்டியைத் தொடவில்லை. பல் துலக்கும்போதுகூடப் பக்கத்தில் நின்று, "நாக்கைத் தொடாத! நாக்கைத் தொடாத!" என்று காவல் காத்தாள்.

ஆஸ்பத்திரியில் நாக்கை நீட்டியதும் ஒவ்யாங் அம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வாங்க வாங்க. இன்னைக்குத்தான் உங்களை நான் பார்க்கறேன்." அழுக்கு மஞ்சளில் தடித்துக் கிடந்தது அந்த நாக்கு, ஓரத்தில் பல் அச்சு வேறு. கேள்விகளுக்கும் உண்மையே பதிலாக வந்தது. வெளிக்குப் போனால் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கேட்டபோது அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நிக்குது" என்றார். "நல்லா நிக்குதுங்க" என்று அக்கா பின்னாலிருந்து பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்.

இந்தத் தடவை 'அதிகம்'. கீழே குழாய்க்கு அந்த வாரமே இடம் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குள் அக்கா தன் பழைய மாணவர்களையும் விடவில்லை. கடை பெஞ்சில் மறுபடியும் எல்லோரையும் உட்கார வைத்தாள். "நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தப்பு. மறந்துடுங்க. கை சில்லுன்னு இருந்தா இருக்குன்னு சொல்லுங்க." வெய் அத்தை, "இதைத்தானேடி நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று கையை நீட்டி ஒரு பிடி பிடித்தாள். அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் தலையைக் குனிந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் டெப்போவில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

குழாய் விடுகிற அன்று காலையில் வயிற்றைக் காலி பண்ணுகிற மருந்தை ஜாடி ஜாடியாகக் குடிக்க வேண்டும். அண்ணன் கழிவறைக்கும் நாற்காலிக்கும் நடந்த நடையை நான் விவரிக்கப் போவதில்லை. அந்த மனிதருக்கு ஒரு மானம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் போனேன். போய்ப் பார்த்தால் காத்திருக்கிற இடத்தில் வெய் அத்தை, டெப்போ ஆட்கள் ஐந்தாறு பேர், கூடவே டிரைவர் தாங்கும். மாடியில் நாக்கைக் காட்ட வந்தவர்கள், காட்டிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாங்குக்கு ஏற்கெனவே குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. சின்னதாக ஒன்று இருந்ததைக் கிள்ளிவிட்டார்களாம். அவர் அக்காவுக்குப் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "பயப்படாத மதினி. தூங்க வெச்சுடுவாங்க. எழுந்தா முடிஞ்சிருக்கும்."

அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் போனவர்கள் சிலர் முடித்து வெளியே வந்துவிட்டார்கள், அண்ணன் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

கதவு திறந்தது. ஒவ்யாங் அம்மா வந்தார், முகமூடியைக் கீழே இழுத்தபடி.

"இருந்துச்சு" என்றார். "குடல் வளைவுக்குப் பின்னாடி ஒண்ணு. தட்டையா, கட்டைவிரல் நகம் அளவு. சுவரோட ஒட்டிக்கிட்டுக் கிடந்ததால எடுக்க நேரமாயிடுச்சு. ஆனா முழுசா எடுத்துட்டோம். ஓரம்கூட மிச்சம் இல்ல."

"புற்றா?" என்றாள் அக்கா.

"பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். அடுத்த வாரம் உறுதியா சொல்றேன்."

அந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா கடையைத் திறந்தாள், சூப் கொதித்தது, யார் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். அண்ணன் பஸ் ஓட்டப் போகவில்லை. கடை மூலையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கன்னம் காலியாக இருந்தது. பாக்கு கேட்கவுமில்லை.

முடிவு வாங்கப் போன அன்றும் என்னைக் கூட்டிப் போனார்கள். ஒவ்யாங் அம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினார். கதவைச் சாத்துவதைப் பார்த்து அக்கா உட்காராமலே நின்றாள். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டு அவசரமாகச் சொன்னார்:

"புற்று ஆகல. உட்காருங்க. ஆகறதுக்குக் கிளம்பியிருந்துச்சு, பாதி வழி வந்துடுச்சு. ஆனா மேல் தோலைத் தாண்டல. முழுசா வெளிய வந்தாச்சு. வேற சிகிச்சையே வேண்டாம்."

அக்கா உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "மூணு வருஷம்..." என்றாள். "நான் செஞ்ச காரியத்தால மூணு வருஷம் அப்படியே விட்டிருந்தா?"

ஒவ்யாங் அம்மா அவள் தோளைத் தொட்டார். "விடலையே, மான்ஷியூ. நீதானே கூட்டிக்கிட்டு வந்த."

அதுதான் அவளை உடைத்தது. வெளியே தாழ்வாரமெல்லாம் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே கதவைத் திறந்துகொண்டு போய், பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்த முன்பின் தெரியாத ஜனங்களிடம், "எடுத்தாச்சுங்க! முழுசா எடுத்தாச்சு! என் கெழவன் நல்லா இருக்காரு!" என்று கத்தினாள். ஒரு நர்ஸ் 'உஷ்' என்றாள். யார் கேட்டார்கள்? பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் எழுந்து நின்று அவளுக்குக் கையெடுத்து வாழ்த்துச் சொன்னார். இன்னொரு பெண் தன் புருஷனைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. கலங்காமல் இருக்க நான் என்ன பூட்டா?

லியாங்சாய் அண்ணன் மட்டும் அறைக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"அடுத்த வருஷம் எந்த மாசம்ங்க வரணும்?"

வெளியே அக்கா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். சத்தம் சட்டென்று நின்றது. கதவோரத்தில் வந்து நின்று, முந்தானை இல்லாத குறைக்குக் கடை ஏப்ரனால் முகத்தைத் துடைத்தபடி அவள் அவரையே பார்த்தாள். அண்ணன் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.